உட்காரச் சொல்லும் ஊர்

வங்காள மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'போஷுன்'. உட்காருங்கள் என்று பொருள். நன்றி, போதும், எவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் முன்பாக அந்தச் சொல் என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், இந்த நகரத்தில் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும், எந்தப் புத்தகக்கடை முன்னால் தயங்கினாலும், காதில் விழுந்த முதற்சொல் அதுவாகவே இருந்ததுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்துவிட்ட பிறகு, கொல்கத்தாவின் மேல் எனக்கிருக்கும் அன்பை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசித்தாலும் அதே சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. பல ஊர்களில் உட்காருவதற்குக் காசு வேண்டும், அல்லது காரணம் வேண்டும். இந்த ஊரில் கால் வலித்தால் போதும்.

1994 ஜூன் மாதத்தில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகத் தேர்வாகி, மன்னார்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அப்பாவுடன் வந்து சேர்ந்தேன். அப்போது அரசு ஏடுகளில் இதன் பெயர் கல்கத்தா; 2001-இல்தான் கொல்கத்தா ஆனது, ஆனால் வங்காளிகள் தங்கள் மொழியில் எப்போதும் கொல்கத்தா என்றே சொல்லிவந்தார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எங்களை ஹௌரா நிலையத்தில் இறக்கிவிட்டது. அப்பா அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வாடகைக் காரில் ஏறுவதற்கு முன் ஹௌரா பாலத்தின்மேல் சிறிது தூரம் நடந்துவிட்டு வரலாம் என்றார். 1943-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது, அவ்வளவையும் நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட்டுகளாலேயே பிணைத்திருக்கிறார்கள் என்பதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். பாலத்தின் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தபடி அவர் ரிவெட்டுகளை எண்ண முயன்றுகொண்டிருக்க, தலையில் கூடைகளும் மூட்டைகளுமாக ஓட்டமும் நடையுமாய் வந்தவர்கள் எங்களை ஒதுங்கச் சொல்லிக் கூவிக்கொண்டே கடந்தார்கள். இந்த நகரத்தின் பெருஞ்சின்னங்களில் உட்கார இடம் தராதது அந்தப் பாலம் ஒன்றுதான் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. அதன்மேல் நிற்பவர்கூட வெள்ளத்தை மறித்த கல்லைப் போலத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்பா என்னை லேக் மார்க்கெட் அருகே ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில் குடிவைத்துவிட்டு நான்காம் நாள் ஊருக்குத் திரும்பினார். தெற்குக் கொல்கத்தாவின் இந்தப் பகுதியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், இட்லிக்கு வேண்டிய அரிசி எல்லாம் சந்தையில் கிடைக்கும்; விற்பவர்களான வங்காளிகளே தமிழில் விலை சொல்வார்கள். இது தந்த ஆறுதல் கொஞ்சமல்ல. என்றாலும், இந்தத் தீவுக்குள்ளேயே இருந்திருந்தால் நான் கொல்கத்தாவுக்கு வந்தவளாகவே இருந்திருப்பேன், கொல்கத்தாக்காரியாக ஆகியிருக்க மாட்டேன். தீவிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு மழை.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வங்காள எழுத்துகளைக் கற்பதற்கான பாலபாடப் புத்தகம் வாங்கக் கல்லூரித் தெருவுக்குப் போயிருந்தேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வானம் இருண்டது. ஒரு மணி நேரத்துக்குள் தெரு ஆறாகிவிட்டது. கல்லூரித் தெருவையும் தன்தனியா காளி கோயிலையும் ஒட்டிய அந்தப் பகுதி பள்ளமான இடம். மழை என்றால் முதலில் தண்ணீர் தேங்குவது அங்கேதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தண்டவாளங்கள் மூழ்கியதும் டிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. முழங்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். காலடியில் பள்ளம் எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. புத்தகத்தை ரவிக்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஒரு பழைய வீட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டின் பச்சைநிற மரச்சன்னல் திறந்தது. வெள்ளைச் சேலை உடுத்திய முதியவள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஓ மேயே, ஏகானே ஏஷே போஷோ" என்றாள். பெண்ணே, இங்கே வந்து உட்கார். நான் பிடித்திருந்த சுவரை ஒட்டி, தெருவிலிருந்து மூன்றடி உயரத்தில், வீட்டின் நீளத்துக்கும் ஒரு கல்மேடை ஓடுவதை அப்போதுதான் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். காலைத் தண்ணீரிலிருந்து எடுத்த அந்தக் கணத்தில் உள்ளங்கைகள் இரண்டும் அந்தக் கல்லைத் தடவின. பல தலைமுறைகள் உட்கார்ந்து உட்கார்ந்து மழமழப்பான கல். என் உள்ளங்கைகளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் திண்ணை இருந்தது. காவி மெழுகிய, வழவழவென்ற திண்ணை. ஓரத்தில் தலை வைத்துப் படுப்பதற்கென்றே சரிவாகக் கட்டிய மேடு உண்டு. வழிப்போக்கர், தபால்காரர், பால்கணக்குப் பார்க்க வருபவர், அறுவடைக் கூலிக்குக் காத்திருப்பவர் என்று யாராவது எப்போதும் அதில் இருப்பார்கள். எல்லோருக்கும் எல்லார் வீட்டுத் திண்ணையிலும் இடம் இருந்ததில்லை என்பதும் எங்கள் ஊரின் வரலாறுதான். அதை மறைத்துவிட்டுத் திண்ணையைப் புகழ எனக்கு மனம் வராது. நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது வீட்டைப் புதுப்பித்தார்கள். திண்ணையை இடித்து இரும்புக் கிராதி வைத்தார்கள். தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு அதே கதிதான். அதன் பிறகு எங்கள் தெருவில் யாரும் யாரையும் பார்த்து 'உட்காருங்க' என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று, ஏனென்றால் அதைச் சொல்வதற்கு முன் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை, ஊரில் தொலைத்ததை ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வெள்ளத்தின் நடுவில் திரும்பப் பெற்றேன். மாஷிமா, அதாவது சித்தி, பெரியம்மா என்னும் உறவோடு நான் பிறகு அழைத்த அந்த முதியவள், கடுகெண்ணெய் பிசறிய பொரியும் பச்சை மிளகாயும் தேநீரும் சன்னல் வழியாகவே நீட்டினாள். இருவருக்கும் பொதுமொழி இல்லை. புத்தகத்தைப் பிரித்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினாள். நான் திருப்பிச் சொன்னேன். என் முதல் வங்காளப் பாடம் அந்தக் கல்லின்மேல், இருட்டும்வரை மூன்று மணி நேரம் நடந்தது.

அந்த மேடைக்கு வங்காளத்தில் ரொவாக் என்று பெயர், பேச்சில் ரோக். வடக்குக் கொல்கத்தாவின் பாக்பஜார், ஷியாம்பஜார், ஷோபாபஜார் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். 'அட்டா' என்று இவர்கள் போற்றும் பேச்சுக்கலை வளர்ந்தது அதன்மேல்தான். அரட்டை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வருகிறது. அரட்டையை நாம் நேரம் போகாதபோது அடிக்கிறோம். அட்டாவுக்கு இவர்கள் நேரம் ஒதுக்குகிறார்கள். கால்பந்தில் மோகன்பகானா ஈஸ்ட் பெங்காலா என்பதிலிருந்து, இன்றைய இல்சா மீன் எந்த ஆற்றுக்குரியது என்பதுவரை, ஒருவர் தொடங்க, மற்றவர் மறுக்க, மூன்றாமவர் மேற்கோள் எடுக்க, முடிவே இல்லாமல் போகும். முடிவு எட்டுவது அவர்கள் நோக்கமும் அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ரோக்கின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாஷிமா என்னை அங்கே உட்காரவைத்துவிட்டுத் தான் சன்னலுக்குள்ளேயே இருந்தாள். பெண்களுக்கான இடம் மொட்டைமாடி. மார்கழி, தை மாதங்களில் பிற்பகல் வெயிலில் பாயை விரித்து, கமலா ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டு, பருப்பை அரைத்துப் 'பொடி' கிள்ளிக் காயவைத்துக்கொண்டு அவர்கள் நடத்தும் அட்டா, கீழே தெருவில் நடப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. அந்தப் பொடி கிட்டத்தட்ட நம் வடகம்தான். நான் கருவடாம் பிழியக் கற்றுக்கொடுத்தேன்; அவர்கள் எனக்குப் பொடி கிள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். இருந்தாலும், இந்த ஊரின் பெண்கள் தெருவைப் பார்த்து உட்காரும் உரிமையை இன்னும் முழுதாகப் பெறவில்லை என்பதே என் எண்ணம். ஏரிக்கரையிலும் படித்துறையிலும் இளம்பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளம் வந்த அந்த மாலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருட்டியபின் மாஷிமாவின் பேரன் எனக்காக ஒரு கைரிக்‌ஷாவை அழைத்துவந்தான். அந்தத் தண்ணீரில் வேறெந்த வண்டியும் ஓடவில்லை. மனிதர் இழுக்கும் வண்டியில் ஏற எனக்குக் கூசியது; ஆனால் ஏறாமல் போனால் அன்றைய கூலி அவருக்கு இல்லை என்பதும் புரிந்தது. பீகாரிலிருந்து வந்தவர், என் அப்பாவின் வயது இருக்கும். இடுப்பளவு நீரில் பாதத்தால் தடவித் தடவிப் பள்ளங்களைத் தவிர்த்துக்கொண்டு பௌபஜார் முனைவரை கொண்டுவந்துவிட்டார். எல்லோரையும் உட்காரச் சொல்லும் ஊரில், எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் நடந்துகொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவரும் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்தான். வேறிடத்திலிருந்து வந்து இங்கே கால் ஊன்றியவர்கள் என்று பேசும்போது அவரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

அவர் என்னை இறக்கிவிட்ட பௌபஜார் தெருவுக்கு வேறொரு சிறப்பு உண்டு என்பதைப் பிறகு அறிந்தேன். 1907-இல், 18 வயதில், நிதித்துறை அதிகாரியாக இந்த நகரத்துக்கு வந்த திருச்சிராப்பள்ளி இளைஞர் சந்திரசேகர வெங்கட ராமன், அந்தத் தெருவில் டிராமில் போகும்போது இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கியதாகச் சொல்வார்கள். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அந்தச் சங்கத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது, ஆனால் ஆய்வு செய்வார் இல்லை. ராமன் காலையிலும் மாலையிலும் அங்கே, இடைப்பட்ட நேரத்தில் அலுவலகத்தில் என்று பத்தாண்டுகள் கழித்தார். வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனும் பிறகு அங்கே வந்து சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்த இடத்தில்தான். அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே பொழுதைக் கழிக்கும் எனக்கு, தணிக்கை வேலை பார்க்க வந்த ஒருவருக்கு இந்த ஊர் ஓர் ஆய்வுமேசையைத் தந்து உட்காரவைத்தது என்பது நினைக்க நினைக்க இனிப்பான செய்தி.

டிராமைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. 1873-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி. நான் வந்த காலத்தில் ராஷ்பிஹாரி சாலையில் எங்கள் வீட்டுக்கு அருகே அது ஓடும். ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கும் மணியின் ஓசை படுக்கைவரை கேட்கும். முன்பெட்டியில் விசிறி உண்டு, பின்பெட்டியில் இல்லை, கட்டணத்தில் சிறு வேறுபாடு. வேகம் குறைவு என்று எல்லோரும் குறை சொன்னார்கள். எனக்கோ அந்த வேகம்தான் பிடித்திருந்தது. கடைப்பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அது கடையைத் தாண்டிவிடாது. நான் வங்காளம் படிக்கக் கற்றதில் பாதி டிராம் சன்னலோரத்தில் நடந்தது. பேருந்து வேறு வகை. நடத்துநர் 'ஆஸ்தே, லேடிஸ்!' என்று கூவி ஓட்டுநரை மெதுவாக நிறுத்தச் செய்வார். நெரிசலில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கேளாமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். இடம் கிடைக்காவிட்டாலும் உன் சுமையாவது உட்காரட்டும் என்பதுபோல.

கல்லூரித் தெருவின் இந்தியன் காபி ஹவுஸுக்கு நான் தனியாகப் போகத் துணிந்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில் 1942-இல் தொடங்கி, 1958 முதல் ஊழியர்களின் கூட்டுறவாக நடப்பது. உயர்ந்த கூரை, நீண்ட கம்பிகளில் தொங்கும் விசிறிகள், தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், சுவரில் தாகூரின் பெரிய படம், எந்நேரமும் வண்டு மொய்ப்பது போன்ற இரைச்சல். கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்தவள் என்ற முறையில், அங்கே தரப்படும் காபியை என்னால் பாராட்ட முடியாது. ஆனால் ஒரு கோப்பை 'இன்ஃபியூஷன்' வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும், எழுந்திருங்கள் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் விவாதத்துக்கு நடுவே திரும்பி, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று என்னைக் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேசிக்கொண்டிருந்தது டிராமைப் பற்றி. தட்டுத்தடுமாறி வங்காளத்தில் பதில் சொன்னேன். இலக்கணப் பிழையை ஒருவர் திருத்தினார், கருத்தை இன்னொருவர் மறுத்தார். திருத்தியதைவிட, மறுக்கத் தகுந்த கருத்தாக அதை எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய வரவேற்பாக இருந்தது.

நான் மிக அதிகமான மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1836-இல் கல்கத்தா பொது நூலகமாகப் பிறந்து, பிறகு இம்பீரியல் நூலகமாகி, விடுதலைக்குப் பின் தேசிய நூலகம் என்ற பெயரோடு பெல்வெடேர் மாளிகைக்கு வந்து, 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் அவர்களால் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதை உருவாக்கிய முதல் நூலகர் பி. எஸ். கேசவன் ஒரு தமிழர். 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் எந்த மூலையில் எந்த மொழியில் புத்தகம் அச்சானாலும் ஒரு படி இங்கே வந்தாக வேண்டும். அப்படி வந்து சேர்ந்த ஒரு மெல்லிய கவிதைத் தொகுப்பை ஒருநாள் பாஷா பவனின் வாசிப்பறையில் எடுத்துப் பார்த்தேன். அச்சிட்ட இடம் மன்னார்குடி. நான் பள்ளிக்குப் போகும் வழியில் நாள்தோறும் கடந்த அச்சகம். அதன் இயந்திரம் தடதடப்பதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை, அங்கே என்ன அச்சானது என்று தெரிந்ததில்லை. அந்த வாசலில் நின்ற சிறுமிக்குக் கிடைக்காத புத்தகம், கங்கைக்கரை ஊரில், உட்கார்ந்து படிக்க நாற்காலியோடு எனக்காகக் காத்திருந்தது. அன்று முழு நாளும் அந்தத் தொகுப்பைத்தான் படித்தேன். கவிதைகள் சுமார்தான். இரண்டு முறை படித்தேன்.

ஆற்றங்கரையில் எனக்கான இடம் பிரின்செப் படித்துறை. வெண்தூண்கள் நிறைந்த மண்டபமும், அதன் பின்னால் 1992-இல் திறந்த வித்யாசாகர் பாலத்தின் கம்பிவடங்களும் சேர்ந்து தெரியும் காட்சியைப் படமெடுக்க மாலையில் கூட்டம் சேரும். கூட்டத்தை விட்டு விலகி நீருக்கருகே உட்கார்ந்தால், மண்குவளையில் தேநீர் கொண்டுவந்து தருவார்கள். இங்கே நாணயச்சாலை அதிகாரியாக வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுப்பிய மண்டபம் அது. பல நூற்றாண்டுகளாக யாராலும் படிக்க இயலாமல் கிடந்த அசோகரின் பிராமி எழுத்துகளை 1837-இல் இந்த நகரத்திலிருந்துதான் அவர் படித்துத் தந்தார். அந்தக் கல்வெட்டுகளில் தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் உள்ள அண்டை நாட்டவராகச் சோழரையும் பாண்டியரையும் அசோகர் குறிப்பிடுகிறார். சோழநாட்டில் பிறந்து வங்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற ஒருத்தி, தன் மண்ணின் பெயரைக் கல்லில் எழுத்துக்கூட்டிப் படித்த அந்த மனிதரின் நினைவிடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வாய்ப்பதை எளிய செய்தியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதன் பளிங்கைவிடப் புல்வெளி பிடிக்கும். ரவீந்திர சரோவர் ஏரியை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது, அது என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவு. 1920-களில் வெட்டப்பட்ட ஏரி. அதிகாலையில் படகுச் சங்கத்துப் பிள்ளைகள் துடுப்புப் போடும் சத்தமும், அருகிலுள்ள ஜப்பானிய பௌத்தக் கோயிலின் முரசொலியும் நீரின்மேல் ஒன்றாக வரும். என் கணவரை நான் முதன்முதலாகச் சந்தித்துப் பேசியது அந்தக் கரையின் சிமெண்ட் பெஞ்சு ஒன்றில்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், வெளியே வங்காளம், கனவு எந்த மொழியில் வரும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மாமியார் ஒவ்வோராண்டும் நவராத்திரிக்கு ஒன்பது படி கட்டிக் கொலு வைப்பார்கள். அதே நாள்களில் தெருவெங்கும் துர்கா பூஜைப் பந்தல்கள் எழும். எதிர்வீட்டுப் பௌதி (அண்ணியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) எங்கள் கொலுவைப் பார்க்க வந்த முதலாண்டு, முருகனுக்கு இருபுறமும் இரண்டு தேவியர் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். வங்காளத்தில் கார்த்திக் மணமாகாத அழகன். இங்கே துணையோடு இருப்பவர் கணேசர். சிவப்புக்கரைச் சேலை சுற்றிய வாழைக்கன்று ஒன்று முக்காடிட்டு அவர் பக்கத்தில் நிற்கும், மக்கள் அதை அவர் மனைவி என்பார்கள். எங்கள் ஊரில் பிள்ளையார்தான் பிரம்மச்சாரி என்று மாமியார் சொல்ல, இருவரும் அன்று மாலை முழுவதும் அண்ணன் தம்பிகளின் திருமண விவகாரத்தை நேரில் பார்த்தவர்கள்போல் விவாதித்தார்கள். கொலு என்றால் அரசவையில் வீற்றிருத்தல் என்று பொருள் சொன்னேன். துர்கை வீற்றிருக்க வரவில்லை, மகளாகப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், நான்கு நாளில் கணவன் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்றார் பௌதி. தசமியன்று பெண்கள் வரிசையில் நின்று, வெற்றிலையால் அவள் முகத்தைத் துடைத்து, வாயில் இனிப்பை வைத்து, காதில் அடுத்த ஆண்டும் வா என்று சொல்லி அனுப்புவதைப் பார்த்தபோது, மன்னார்குடி பேருந்து நிலையத்தில் அம்மா என் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்த நாள் நினைவுக்கு வந்தது. 2021-இல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களில் சேர்த்தது. உலகம் பார்க்க வருவது ஒளியலங்காரத்தை. நான் விரும்புவது பந்தலின் பின்புறத்தில் எங்கள் தெருக்காரர்களுக்காகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை. நள்ளிரவு தாண்டியும் அங்கே யாராவது பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டுவார்கள்.

இப்போது மாற்றங்கள் விரைவாக வருகின்றன. 2024 செப்டம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு தடத்தைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. மக்கள் மணியடித்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வழக்கும் நடக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதில் நானும் போகிறேன், அது வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று வருவதற்கு இன்னொன்று போயே தீர வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. வடக்கே பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. மிஞ்சிய ரோக்குகள் சிலவற்றில் யாரும் உட்காராதபடி சாய்வாகச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மாஷிமாவின் வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. அவர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

நாங்கள் குடியிருக்கும் வீடு பழையது. சிவப்புச் சிமெண்ட் தரை, மரப்பட்டிச் சன்னல்கள், ஆறு குடும்பங்கள். நுழைவாயிலின் இருபுறமும் தெருவைப் பார்த்து இரண்டு சிறு கல்மேடைகள் உண்டு. பகலில் துணி தேய்ப்பவர் உட்காருவார், மாலையில் பக்கத்துக் கட்டடக் காவலாளி, இடையில் யார் வேண்டுமானாலும். சென்ற ஆண்டு, பாதுகாப்புக்காக அவற்றையும் உள்ளடக்கி முழு முகப்புக்கும் இரும்புக் கிராதி போட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. கூட்டம் கூடினோம். நான் பொதுக்கூட்டங்களில் பேசிப் பழக்கமில்லாதவள். அன்று எழுந்து, வங்காளத்தில், எங்கள் ஊரில் கிராதி போட்ட கதையை முழுவதும் சொன்னேன். கதவை உள்ளே தள்ளிப் பூட்டிக்கொள்வோம், மேடைகள் வெளியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆறு குடும்பங்களில் நான்கு ஒப்புக்கொண்டன. புதுக்கதவுக்கான கூடுதல் செலவில் எங்கள் பங்கோடு பௌதியும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்.

நேற்று மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, காலிகாட் மெட்ரோவிலிருந்து வெளியே வந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. வீட்டை அடைந்தபோது ஒரு மேடையில் துணி தேய்ப்பவரும் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரும் இருந்தார்கள். மற்றதில் முதுகில் பை சுமந்த ஒரு கல்லூரிப் பெண், தொலைபேசியில் யாரிடமோ, இல்லை, இங்கேயே ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் பையை மடிக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கி, "போஷுன் மாஷிமா" என்றாள். வீட்டுச் சாவி கையில்தான் இருந்தது. குடையை மடக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.